பஸ் பார்க்கப் போனவள்

எனக்குப் பஸ் பிடிக்கும். இதைச் சொன்னால் எல்லோரும் பஸ்சில் ஊர் சுற்றப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது பஸ்தான். அதன் முகம், நிற்கும்போது அதன் உடம்பில் ஓடும் நடுக்கம், பிரேக்கை விடும்போது வரும் நீளமான பெருமூச்சு, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கிற இன்ஜின் குரல். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மனசுக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வேறு எதிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை.

எங்கள் வீடு ஆமத்தூரில், மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பட்டாசு கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி வேன் வந்து இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறவரை நான் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே வருகிற வண்டி எது என்று சொல்லிவிடுவேன். அங்கே டீக்கடை வைத்திருந்தவர் கூப்பிட்டுக் கேட்பார்.

"ஏ பாப்பா, இந்தா வருதே, இது எந்த வண்டி?"

சரியாகச் சொன்னால் ஒரு வடை. டீ குடிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளை என்பதால் அது அவர்களுக்கு வேடிக்கை.

வயசுக்கு வந்த பிறகும் அதே இடத்தில்தான் நின்றேன். எனக்குள் ஒன்றும் மாறியிருக்கவில்லை. டீக்கடைக்காரர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, "பிள்ளைய இங்கன நிக்க விடாதீக" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

"பொம்பளப் பிள்ள ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார் அம்மா.

"ரோட்டப் பாக்கலம்மா. பஸ்ஸத்தான் பாக்கேன்."

எதிர்த்துப் பேசுகிறேன் என்று முதுகில் ஒரு அடி விழுந்தது. நான் திருத்தித்தான் சொன்னேன். எது எதிர்ப்பேச்சு, எது உண்மை என்பது மற்றவர்களுக்கு எப்படிப் பிரிகிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பஸ் சத்தத்தில் சுகமாக நிற்கிற எனக்கு மற்ற சத்தங்கள் ஆகாது. சீசன் நாளில் கம்பெனிகளில் வெடியைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் யாரோ என் பல்லைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருக்கும். தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகக் கிடப்பேன். "வெடிக் கம்பெனிக்காரன் மகளுக்கு வெடின்னா பயமாம்" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். வெடி எப்போது வரும் என்று தெரியாது, பஸ் தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வரும் என்று விளக்கப் பார்த்திருக்கிறேன். அதற்கும் சிரித்தார்கள்.

கல்லூரிக்கு விருதுநகர் போனேன். வகுப்பில் டியூப் லைட் ரீங்காரமும், பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதும் சேர்ந்து, சாயங்காலம் ஆகும்போது எனக்கு யாருடைய பேச்சும் வார்த்தையாகக் கேட்காது. நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தூணோரமாக நிற்பேன். அருப்புக்கோட்டை வண்டி பின்னால் எடுக்கும். சாத்தூர் வண்டி திரும்பும். சிவகாசி வண்டியில் ஆள் ஏறும். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிடும். எங்கள் ஊர் வழியாகப் போகிற இரண்டு மூன்று வண்டிகளை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சிவகாசிக்குப் போகிற தனியார் வண்டி ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சில வாரம் அது வரவில்லை. திரும்பி வந்தபோது புதுப் பெயின்ட் அடித்து, முகமே மாறியிருந்தது. அதைவிட அதன் குரல் மாறியிருந்தது. இரண்டாவது கியரில் வரும் முனகலைக் காணோம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த டிரைவரிடம் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டேன்.

"இந்த வண்டிக்கு என்ன செஞ்சீங்க? சத்தம் வேற மாதிரி இருக்கே."

அவருக்கு அப்பாவைவிட வயது கூடவே இருக்கும். ஆச்சரியமாகக் குனிந்து பார்த்தார்.

"கரூர்ல பாடி கட்டிட்டு வந்திருக்கு தாயி. கியர் பாக்ஸும் மாத்தியாச்சு. ஆமா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சொன்னேன். அவர் சந்தோஷமாகப் பதில் சொன்னார். அதன் பிறகு வண்டி நிற்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பேன், அவரும் சொல்வார். என் பேச்சை நடுவில் வெட்டாமல், வேறு பக்கம் பார்க்காமல் கேட்ட முதல் மனுஷன் அவர்தான். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றித்தானே.

பெரியம்மா ஒரு நாள் ஜவுளி எடுக்க விருதுநகர் வந்திருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே நான் அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் அப்பா கதவைச் சாத்தினார்.

"யாரு அவன்?"

"எவன்?"

"பஸ் ஸ்டாண்டுல. எம்புட்டு நாளா நடக்குது?"

"சிவகாசி வண்டி டிரைவரப்பா. கரூர்ல இருந்து பாடி கட்டி வந்ததுல இருந்து."

அப்பா கேட்ட கேள்விக்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். பெயர் என்ன என்றார் அப்பா. தெரியாது என்றேன். மறைக்கிறேன் என்று அடித்தார். எந்த ஊர்க்காரன் என்றார். அதுவும் தெரியாது. வேறு என்னதான் தெரியும் என்று கத்தினார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வண்டி எப்போது எஃப்.சி. சோதனைக்குப் போகும், எந்த மேட்டில் கியர் மாற்றுவார், எதற்காக இரண்டாவது பாட்டரி வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இருண்டுகொண்டே வந்தது. பெரியம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"அம்புட்டு தூரம் பழக்கம்."

மறுநாள் அப்பாவும் சித்தப்பாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்கள். வண்டி நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த டிரைவரைக் கீழே இறக்கிச் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். சித்தப்பா அதையே அத்தாட்சியாகச் சொன்னார். முதலாளி அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், அதைவிடப் பெரிய கெடுதல் அவருக்கு நான் செய்ய முடியாது.

என் படிப்பு அதோடு நின்றது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் ஷீட் அடுக்குகிற வேலைக்கு அனுப்பினார்கள். அச்சக வேன் வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும். வேனில் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறாள் என்று விட்டுவிடுவார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்சும் என் காதுக்குள் வந்து போகும். அது யாருக்கும் தெரியாது என்பதே ஒரு நிம்மதியாக இருந்தது.

அங்கேதான் மற்ற பெண்கள் மாதிரி இருக்கப் பழகினேன். பக்கத்தில் அடுக்குகிற அக்கா எப்போது சிரிக்கிறாரோ அப்போது நானும் சிரிப்பேன். ஒருவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எப்போது கண்ணை எடுக்க வேண்டும் என்று அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்போது உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடும். ஆனால் எல்லோருக்கும் என்னைப் பிடித்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கும் பிடித்தது. "சத்தமே காங்கல, தங்கமான பிள்ள" என்றார் மாமியாராக வரப்போகிறவர்.

காரியாபட்டியில் என் வீட்டுக்காரருக்கு இரும்புச் சாமான் கடை. கெட்ட மனுஷர் இல்லை. கல்யாணமான புதிதில் அவரிடம் பஸ்சைப் பற்றிச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். மதுரைக்குப் போகும்போது, உனக்குப் பிடித்த வண்டியாகப் பார்த்து ஏறு என்று கேலிகூடச் செய்தார். பிறகு ஆமத்தூர்ப் பக்கத்து ஆள் யாரோ கடையில் வந்து பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருமுனையில் பஸ் போகும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். பஸ் போய் மறைகிறவரை பார்ப்பார். நான் தலையைத் திருப்பாமல் இருக்கப் பழகினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் உரித்துக்கொண்டே இருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்குப் பூட்டு என்றால் உயிர். கடையில் தொங்குகிற பூட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு திறப்பாள், பூட்டுவாள், காதில் வைத்துக் கேட்பாள். "நமக்கு அடுத்து கடைக்கு ஆள் ரெடி" என்று அவருக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் மட்டும் அவள் யாரிடமும் பேசவில்லை. மணி அடித்தால் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மதுரையில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொன்னார்.

அந்த டாக்டர் ஒரு பெண். மகளுக்கு ஆட்டிசம் என்றார். நோய் மாதிரி நினைக்க வேண்டாம், மனசு வேலை செய்கிற விதமே வேறு என்று பொறுமையாக விளக்கினார். பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடிக்கப் பழகிக்கொள்வதால் பலரைக் கண்டுபிடிப்பதே இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சின்ன வயசுல உங்களுக்கு இப்படி ஏதாவது ஒண்ணுமேல ரொம்ப ஆசை இருந்ததா?" என்று கேட்டார்.

பல வருஷமாக நான் வாயைத் திறக்காத விஷயம். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் வெட்டாமல் கேட்டார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களையும் ஒரு தடவை முறையாகப் பார்க்க வேண்டும், உங்களுக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன் என்றார் டாக்டர்.

காரில் திரும்பும்போது எனக்குச் சாய்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அது துக்கமா என்று தெரியவில்லை. வலையங்குளம் தாண்டிய பிறகு அவர் பேசினார்.

"சரி. டாக்டரம்மா அதுக்கு ஒரு பேர் சொல்லிட்டாக. நான் ஒத்துக்கிடுதேன்."

கொஞ்ச தூரம் போனோம்.

"ஆனா அந்த டிரைவரு ஒனக்கு என்ன வேணும்? இப்பவாச்சும் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அசைய விடாமல் செய்துவிட்டது. நான் சொல்ல வேண்டியதெல்லாம் டாக்டர் அறையிலேயே சொல்லி முடித்திருந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா ஒங்கப்பா அடிச்சிருக்க மாட்டாரே" என்றார். எனக்கே அப்போது தெரியாதே அம்மா என்றேன். அப்பாவிடம் சொல்லப் போவதில்லை, இந்த வயதில் அவரால் தாங்க முடியாது என்றார் அம்மா. நானும் சரி என்றேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தார்கள். அவர்கள் கதவில் எங்கள் கடையில் இல்லாத ரகத்தில் ஒரு பூட்டு. அவர்கள் வெளியே போயிருந்தபோது மகள் அதில் காதை வைத்து உட்கார்ந்திருந்ததைத் திரும்பி வந்தபோது பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டு அம்மாவின் தோட்டைக் காணோம். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஒங்க பிள்ள எங்க பூட்ட என்ன செஞ்சிக்கிட்டு இருந்துச்சு?"

நான் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நினைவில் இருக்கின்றன. தெருவில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். எல்லார் கண்ணும் என் மேல். அப்படிப் பார்த்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. அதற்குள் மகள் முன்னால் வந்து, "பூட்டுக்குள்ள எத்தன லீவர் இருக்குன்னு காது வச்சுக் கேட்டேன்" என்று உண்மையைச் சொன்னாள். கூட்டத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தோடு அவர்கள் வீட்டிலேயே கிடைத்துவிட்டதாகப் பிறகு பால்காரர் சொன்னார். எங்களிடம் வந்து யாரும் சொல்லவில்லை. கடையிலிருந்து வந்து வீட்டில் கிடந்த பூட்டுகளையெல்லாம் மாமியார் வாரிக் கட்டித் திருப்பி அனுப்பினார். பெரிய பிள்ளை ஆகப்போகிறாள், நாலு ஆம்பளைகள் வந்து போகிற கடையில் இனி உட்கார வேண்டாம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். பிடித்ததை அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"டாக்டரம்மாவா இந்தத் தெருவுல குடியிருக்காக?" என்றார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

இப்போது வீட்டில் மிச்சமிருப்பது பீரோவின் பூட்டு ஒன்றுதான். சாவி மாமியார் இடுப்பில். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருப்பாள். திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நேற்று அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இதற்குள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. மாமியார் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை எழுந்து போனேன். அவள் என்னைப் பார்க்காமல் பீரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.