கத்தட்டும் அந்தக் கதவு

வாசல் கதவின் கீலில் மகன் ஸ்ப்ரே அடித்தான். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. நான் அறுபதுகளின் செஞ்சி வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் நைனா தையல் மிஷின் எண்ணெயோடு வீட்டைச் சுற்றி வருவார். சைக்கிள் செயின், கிணற்றுக் கப்பி, பூட்டு, எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். வாசல் கதவை மட்டும் அம்மா தொட விடமாட்டாள்.

"அத்த வுட்டுடுங்க. கத்தட்டும்."

"இன்னாத்துக்கு?"

"நீங்க வந்துட்டீங்கன்னு எனக்கு யாரு சொல்றது?"

நைனா தள்ளினால் அது ஒரு தினுசாக முனகும். கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். நைனா செத்துப்போன பிறகும், மலைக்காற்றில் கதவு அதே மாதிரி முனகினால், அவள் கை கல்லுக்குப் போகும்.

"பாரும்மா, சத்தமே இல்ல," என்று மகன் கதவை ஆட்டிக் காட்டினான்.

"தொடச்சி எடுடா அத்த," என்றேன்.