நகரும் நிலத்தில் நூல் பிடித்தல்

கல்முனைக்குடியில் பஸ் சூடேறி நிற்கிறது. சாரதி தண்ணீர் தேடிப் போக, நான் இறங்கி நடக்கிறேன். தென்னைகளுக்கு நடுவே சிறிய தொழுகை அறை ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். எல்லோருக்கும் மூத்த அண்ணனான மேசன் காசிம் காக்கா, மக்கா இருக்கும் திக்கைக் குறித்து நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். நூல் பிசகினால் ஊரே திசை தவறித் தொழும்.

என் வாய் சும்மா இருப்பதில்லை. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தன, பிளந்து இன்னும் நகர்கின்றன என்று அறிஞர்கள் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவும் அரபு நாடும் கூடத்தான்.

மண்வெட்டிகள் நின்றுவிடுகின்றன.

“அல்லாவே! அப்ப நாங்க கட்டுற சுவர் திரும்பிப் போகுமா ஐயா?” காக்காவின் முகம் உண்மையாகவே வாடுகிறது.

“எங்கட காலத்தில தெரியாது காக்கா. இமயமலை எழும்ப எடுத்த அளவு காலம் வேணும்.”

குழிக்குள் நிற்கும் ஒருவர் காக்காவைப் பார்த்துத் தலையை நீட்டுகிறார். “மச்சான், உன்ட வேலியே வருசா வருசம் எங்கட வளவுக்குள்ள நகருது. பூமி நகர்ந்தா என்னவாம்!”

எல்லோரும் சிரிக்கிறார்கள். காக்காவும் சிரித்துவிடுகிறார்.

“ஓம், திரும்பினா பாயைத் திருப்பிப் போட்டுத் தொழுவம்.”

பிறகு, வேறு ஊரான், வேறு சாமியைக் கும்பிடுகிறவன் என்று பாராமல் நூலின் ஒரு முனையை என் கையில் தருகிறார். இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.

“பூமி நகர்ந்தா நகரட்டும். நீங்க ஆடாமப் பிடிங்க ஐயா.”

வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நான் ஆடவில்லை.