பேட்டரி ஒயரும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பும்

இன்று பெங்களூரில் எனக்கு முதல் இன்டர்வியூ. பங்காருபேட்டையில் ரயில் ஏற இன்னும் ஒரு மணி நேரம்தான். என்னைக் கொண்டுபோய் விட வேண்டிய பக்கத்து வீட்டு தாஸ் மாமாவின் கார் 'டக்' என்றதோடு சரி.

தெருவே கூடிவிட்டது.

"பேட்டரி பூடுச்சி மாமா."

"போன வாரந்தாம்ப்பா புதுசு போட்டேன்."

"அப்போ தள்ளுங்க. மைன்ஸ்ல கல்லு ரொப்புன டப் வண்டி எத்தினி தள்ளியிருக்கோம்," என்றார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் மணி மாமா.

இரண்டு முறை தள்ளினார்கள். மூச்சு வாங்கியது மாமாக்களுக்கு மட்டும்தான்.

சாவியைத் திருப்பும்போதெல்லாம் பேட்டரி ஒயரின் முனையில் லேசாகப் புகை வந்ததைப் பார்த்தேன். ரப்பர் வெடித்து, உள்ளே கம்பி பச்சை பூத்திருந்தது. எட்டுப் பேர் நடுவில் பேச எனக்கு வாய் வரவில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஒயரை மாத்துங்க."

எட்டு போன்களும் ஒன்றாக ஒலித்தன.

"யாருப்பா அது, எங்கிருந்து சொல்லுது?"

"உங்க பின்னாடிதான் மாமா நிக்குது," என்று யாரோ என்னைக் காட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் போனையே பார்த்தேன். தாஸ் மாமா பெருமூச்சு விட்டு, குரூப்பிலேயே கேட்டார்: "எந்த ஒயரும்மா?"

"கறுப்பு," என்று அனுப்பினேன்.

மணி மாமா, ஓடாமல் நிற்கும் தன் வேனிலிருந்து ஒயரைக் கழற்றி வந்து மாட்டினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. ரயிலும் கிடைத்தது.

இன்டர்வியூ முடிந்து போனைத் திறந்தால், குரூப்பில் பதினொரு கேள்விகள். ஒருவருக்கு மிக்ஸி, ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்கு முழங்கால்.

நான் படித்தது பி.காம். யாராவது அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்களேன்.