நூடுல்ஸ் பொட்டலத்தில் ஒரு பாசித் துண்டு

தேர்வுக்குப் படிப்பவர்கள் மொய்க்கும் நோர்யாங்ஜினில், விடுதியில் எனக்கு அடுத்த அறைக்காரர் தாக் முன்ஹோ. வயது நாற்பத்தொன்று. தொழில், தேர்வு எழுதுவது. ஒன்பதாம் நிலை அரசு குமாஸ்தா தேர்வை எட்டு முறை எழுதி எட்டு முறையும் கோட்டை விட்டவர். அதைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், போரில் வாங்கிய தழும்புகளைக் காட்டுவது போல வருட வாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எங்கள் தெருவில் இப்படிப்பட்டவர்கள் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுவார்கள் என்பதால் அதில் ஒன்றும் அதிசயமில்லை. எனக்கு அவரிடம் எரிச்சல் வேறு விஷயத்தில். அவர் ராம்யொன் நூடுல்ஸ் சாப்பிடும் விதத்தில்.

விடுதியில் சோறும் கிம்ச்சி ஊறுகாயும் ராம்யொன் பொட்டலமும் இலவசம். அடுப்புக்கு மேல் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேளைக்கு ஆளுக்கு ஒன்று. மூன்று நிமிடம் வேகவைத்து, பொடியைத் தூவி, மனப்பாடக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன தின்கிறோம் என்று பார்க்காமலே தின்றுவிட்டு அறைக்குப் போய்விட வேண்டும். கையில் காசில்லாததால் அதைத் தின்கிறோம். அது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இதுதான் எங்கள் நாகரிகம்.

முன்ஹோவுக்கு அந்த நாகரிகம் கிடையாது. அவருக்கு அது விருந்து. சமையலறையில் நசுங்கிய மஞ்சள் பாத்திரங்கள் நான்கு உண்டு. மூன்றின் மூடியில் ஆவி போக ஓட்டை. ஓட்டையில்லாத நான்காவது மூடியை, யார் எடுத்தாலும் பிடுங்கிக்கொள்ளும் உரிமை தனக்கு இருப்பதாக அவர் நினைத்திருந்தார். நூடுல்ஸை அந்த மூடியில் எடுத்துப் போட்டு, ஊதி, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுவார். பழைய குழாயில் காற்றும் தண்ணீரும் மாறி மாறி வருவது போல ஒரு சத்தம். பிறகு மூடியில் தங்கிய சாறைக் குடித்துவிட்டு, "ஹா, இதுதான் வாழ்க்கை" என்பார். எதை வாழ்க்கை என்கிறார் என்று அவர் பின்னாலிருந்து பார்ப்பேன். நான்கு ஜோடிக் காலுறைகள் காயும் கொடியும், ஜன்னல் இல்லாத அறையும், மாதாமாதம் அக்கா அனுப்பும் வாடகையும்.

போதாததற்கு உபதேசம் வேறு.

"தம்பி, தண்ணி எவ்வளவு வெச்ச?"

"பார்த்து வெச்சேண்ணே."

"ஐநூத்தம்பது மில்லி. அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது. கண்ணளவுல தண்ணி வைக்கிறவன் பரீட்சையிலயும் கண்ணளவுலதான் எழுதுவான்."

ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். மில்லி தவறாமல் அளந்து வைத்தவர் எட்டு முறை தோற்ற கதையை நான் நினைவூட்டவில்லை. எனக்கு வாயால் பேசுவது வராது. மனதில் பேசிக்கொள்வேன், அதில் நான் கெட்டிக்காரன்.

அந்த ஏப்ரலில் அவருக்கு ஒன்பதாவது முறை. கடைசியும்கூட. அக்கா கும்சில் கறாராகச் சொல்லிவிட்டாள். குன்சானில் அவளும் அவள் கணவனும் மீன்பிட்டுக் கடை நடத்துகிறார்கள். இந்த முறையும் போனால் முன்ஹோ மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்து மீன் அரைக்க வேண்டும், அதற்குமேல் ஒரு மாத வாடகையும் கிடையாது. சுவர் மெல்லியது. "சரிக்கா, கடைசி, சத்தியமா கடைசி" என்று அவர் சொன்னதை நானும்தான் கேட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வழக்கம்போல அளவுக் கோப்பையுடன் சமையலறைக்கு வந்தார். மற்றவர்கள் எழுதித் தேய்த்த தாளைப் புரட்டி நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த வேளையில், ஒரு ராம்யொன் உள்ளே போனால்தான் தன் கை நடுக்கம் நிற்கும் என்பது அவர் கட்சி. பெட்டிக்குள் கைவிட்டவர் பாம்பைத் தொட்டது போல இழுத்துக்கொண்டார்.

"விடுதிக்காரம்மா! இங்க வாங்க! என்ன இது?"

விடுதிக்காரம்மா ஈரக் கையோடு வந்தாள். "என்னத்தக் கண்டீங்க, எலியா?"

"எலியா இருந்தா பரவால்லம்மா. பாசி!"

வழக்கமான பொட்டலம் தீர்ந்து, அன்றைக்குத்தான் புதுப் பெட்டி வந்திருந்தது. வேறு கம்பெனி. பொடியோடு ஒரு துண்டு தடித்த கடல்பாசியும் உள்ளே போட்டிருக்கிறார்கள், சாறுக்கு மணம் கூடுமாம். எங்கள் ஊரில் தேர்வு எழுதப் போகிறவன் பாசி சூப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். பாசி வழுக்கும், தேர்வும் வழுக்கிவிடும். அதற்குப் பதிலாக ஒட்டுகிற பாகு மிட்டாய் தின்பான், பட்டியலில் பெயர் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. நாளை அரசாங்கத்தின் சட்டதிட்டங்களைக் காக்கப் போகிற கூட்டம் இது.

"தள்ளுபடியில வந்துச்சு, வாங்கினேன்" என்றாள் விடுதிக்காரம்மா. "சும்மா கெடைக்கிறதுல இவ்வளவு நொட்டை சொல்றவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

"நாளைக்குப் பரீட்சைம்மா! இந்தத் தெருவுல விடுதி வெச்சுக்கிட்டு, இன்னைக்குப் பாத்து..."

"சூப் வெக்கிறது மெல்லிசுப் பாசி. வழுக்குறது அதுதான். இது தடிச்சது. இது எங்க வழுக்குது?"

"வெந்தப்புறம் கையில எடுத்துப் பாருங்க, எங்க வழுக்குதுன்னு தெரியும்."

"அப்ப அந்தத் துண்ட எடுத்துக் குப்பையில போட்டுட்டுத் தின்னுங்க."

"ஒரே பொட்டலத்துல கூடவே கெடந்திருக்கேம்மா. ஊறியிருக்குமே!"

அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்து, விஷயத்தைக் கேட்டு, எடுத்த பொட்டலத்தைத் திரும்ப வைத்தார்கள். பட்டதாரிகள். ஒருவன் சட்டம் படித்தவன்.

எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. குப்பைத் தொட்டியில் பழைய கம்பெனியின் கடைசி உறை கிடந்தது. எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பிறகு என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது.

"அண்ணே, இதுலயும் இருக்கு."

"எதுல?"

"நம்ம வழக்கமா திங்கற பழசுல. சூப் பொடியில பாசித் தூள்னு போட்டிருக்கான்."

முன்ஹோ உறையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். உதடு அசைய இரண்டு முறை படித்தார். எட்டு வருடம் ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் ஐநூற்று ஐம்பது மில்லி அளந்து எதைக் குடித்தார் என்பது அவருக்குப் புரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆள் இடிந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். உட்கார வேண்டும் என்றுதான் சொன்னேன், பொய் சொல்வானேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"எட்டு வருஷமும்!" என்றார். "தம்பி, எட்டு வருஷமும் இதுதாண்டா!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டார்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா. போனில் அவள் முதல் வார்த்தை எப்போதும் அதுதான், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"சாப்பிடலக்கா. அதான் விசேஷம்! காரணம் கண்டுபிடிச்சாச்சு. என் மூளையில ஒரு கோளாறும் இல்ல. பொடியில பாசிக்கா!"

"பாகு மிட்டாய் அனுப்பினேனே, அதத் தின்னுட்டுத் தூங்கு" என்று வைத்துவிட்டாள்.

அன்று அவர் பொடியையும் பாசியையும் வீசிவிட்டு வெறும் நூடுல்ஸை வெந்நீரில் போட்டுத் தின்றார். உறிஞ்சும் சத்தம் இல்லை. "இதுதான் வாழ்க்கை" இல்லை. மூடியைக்கூட எடுக்கவில்லை.

சனிக்கிழமை நூறு நிமிடத்தில் நூறு கேள்வி. நானும் எழுதினேன், வேறொரு பள்ளிக்கூடத்தில். பிற்பகலில் விடைகள் வெளியானதும் தெருவே தலையைக் குனிந்துகொண்டு கூட்டிப் பார்த்தது. ஐந்து மணிக்கு முன்ஹோ என் கதவைத் தட்டினார்.

"வரலாறு முப்பத்தஞ்சு."

ஒரு பாடம் நாற்பதுக்குக் கீழே போனால் மற்ற பாடங்களைத் திருத்தியும் பயனில்லை. எட்டு முறையில் ஒருமுறைகூட இவ்வளவு கேவலமாக வாங்கியதில்லை என்று அவரே சொன்னார்.

"கை நடுங்கிடுச்சு தம்பி. பேனா நிக்கவே இல்ல. பொடி போடாத நூடுல்ஸ்ல என்ன தெம்பு இருக்கும் சொல்லு? எட்டு தடவ பாசிக்குப் போச்சு, ஒம்போதாவது பட்டினிக்குப் போச்சு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா நான் ஒழுங்கா ஒரு தடவகூட எழுதல. இனிமே எழுதறதுதான் முதல் தடவை."

இதைச் சொல்லும்போது மனிதர் சிரித்தார். இவ்வளவு மூளையை வரலாற்றில் செலவழித்திருந்தால் நாற்பத்தைந்தாவது வந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அன்று வெகுநேரம் இதையே ஒத்திகை பார்த்தார். "அக்கா, நீயே யோசி, கணக்குப்படி பாத்தா..." அந்த இடத்தில் குரல் சரியாக வரவில்லை போலிருக்கிறது, திரும்பத் திரும்ப அங்கிருந்தே ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கும்சில் வந்தாள். குட்டையான, மீன்வாடை அடிக்கும், மேல்மூச்சு வாங்கும் பெண். தோளில் காலியான பெரிய பை. கையில் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல். நான் சமையலறை மூலையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காதது போலத் தலையாட்டிவிட்டு முன்ஹோவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நீயே யோசி. கணக்குப்படி பாத்தா..."

"எத்தனை வாங்கின?"

"முப்பத்தஞ்சு. ஆனா அது..."

"சரி." போத்தலைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினாள். கரும்பச்சையாக, எண்ணெய் மினுங்க, பாசி சூப். "குடி."

முன்ஹோ பின்னால் நகர்ந்தார். "என்னக்கா இது!"

"முந்தாநாள் உன் பொறந்தநாள். மறந்துட்டியா? எல்லார் வீட்டுலயும் பொறந்தநாளுன்னா பாசி சூப்தான். உனக்கு எட்டு வருஷமா இல்ல, பரீட்சை மாசம்னு. உனக்கு மட்டுமா? என் பெரியவளும் ஏப்ரல்லதான பொறந்தா. அவளுக்கும் கேக்கு மட்டும்தான். எங்க வீட்டு அடுப்புல ஏப்ரல் மாசம் பாசி ஏறினதில்லடா."

"நான் உன்ன அப்படிச் செய்யச் சொன்னேனாக்கா?"

"சொல்லல. நீ எங்க எதச் சொன்ன?" அவள் கரண்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "சின்னவளப் பெத்துட்டுப் படுத்துக் கெடந்தேன். பிள்ள பெத்தவளுக்கு ரத்தம் ஊறணும்னு மாமியா மூணு வேளையும் பாசி சூப் கொண்டாந்து வெச்சா. அடுத்த சனிக்கெழம உனக்குப் பரீட்சை. வாந்தி வருதுன்னு பொய் சொல்லி ஒரு வாரம் ஒரு வாய்கூடக் குடிக்கல. பால் ஊறல. மாமியா இன்னைக்கும் அதச் சொல்லிக் காட்டறா. இப்ப நீ எனக்குப் பொடியில பாசின்னு போன் பண்ற."

முன்ஹோவிடம் ஒத்திகை பார்த்த வாக்கியம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இனி வழுக்கி விழறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல" என்றாள். "குடிடா."

ஒரு கரண்டி குடித்தார். இன்னொன்று. பிறகு, ஆள் மாறுவாரா என்ன, எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு ராம்யொன் பொட்டலத்தை எடுத்துவந்தார்.

"சூப் நல்லாருக்குக்கா. ஆனா ஒண்ணு கொறையுது."

"உன்ன என்ன செஞ்சா தகும்?" என்றாள் அக்கா.

மஞ்சள் பாத்திரத்தில் சூப்பை ஊற்றி, நூடுல்ஸ், பொடி, அந்தத் தடித்த பாசித் துண்டு எல்லாவற்றையும் போட்டுக் கொதிக்கவிட்டார். நான் பார்த்த வரையில் கோப்பையில் அளக்காமல் செய்தது அதுதான். இறக்கியதும், ஓட்டையில்லாத மூடியைத் தேடி எடுத்து, துடைத்து, நூடுல்ஸை அதில் போட்டு அக்காவிடம் நீட்டினார். தனக்கு ஓட்டை மூடி. சாறு அதன் வழியே ஒழுகிக் கால்சட்டையில் சொட்டியது.

கும்சில் ஊதி ஊதித் தின்றாள். அவளும் உறிஞ்சினாள், அதே பழைய குழாய்ச் சத்தம். குடும்ப வியாதி போலிருக்கிறது.

"நல்லாத்தாண்டா இருக்கு, சனியனே" என்றாள்.

மூன்று மணிக்கு அவர் அறை காலியாகிவிட்டது. பன்னிரண்டு வரலாற்றுப் புத்தகங்களை வேண்டாமென்று வாசலில் அடுக்கிவிட்டு, பாதி மாவுமூட்டை அளவுக்கு இருந்த பையைத் தூக்கிக்கொண்டார். போகும்போது அளவுக் கோப்பையை என்னிடம் தந்தார்.

"கோடு அழியாமப் பாத்துக்க தம்பி. கண்ணளவு வேண்டாம்."

"சரிண்ணே." அவ்வளவுதான் வந்தது எனக்கு.

நான் எடுத்த மதிப்பெண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. வழக்கமான தேர்ச்சி எல்லைக்கு எட்டு குறைவு.

அறைக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். காகிதத்தில் சுற்றிய பாசித் துண்டு உள்ளே கிடந்தது. வெள்ளிக்கிழமை, எல்லோரும் கலைந்து போனபிறகு ஒரு பொட்டலம் எடுத்துவந்து, அதிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது. சமையலறைக் குப்பையில் போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்தேன். பொடியையும் போடாமல்தான் தின்றேன்.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கோட்டளவுக்குத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து, துண்டை உள்ளே போட்டு, ஒரு பொட்டலத்தையும் பிரித்து வைத்தேன். கொதி வருவதற்குள் ஓட்டையில்லாத மூடியைக் கழுவி வைத்துக்கொண்டேன்.