மூன்று ரூபாய்க் காசின் கனம்

ஒரு கையை எதன் மேலாவது தொட்டும் தொடாமலும் வைத்தால் எவ்வளவு கனம் அழுத்தும், தெரியுமா உங்களுக்கு? தெரியாது. எவன் நிறுத்துப் பார்த்திருக்கப் போகிறான்? எனக்கு ஒரு கையின் கனம் தெரியும். மூன்று ஒற்றை ரூபாய்க் காசு. அது என் கை இல்லை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். ஊரில் யாராவது முனி அடித்துவிட்டது என்று படுத்துக்கொண்டால் முனிக்கு எத்தனை வோல்ட் என்று கேட்கிற ரகம். டைப் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு மணி நேரம்தான் மெஷின் தருவார்கள், அதனால் மளமளவென்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரே பைத்தியம், வூஃபர். தவில் அடியைக் காதில் இல்லாமல் அடிவயிற்றில் கேட்க வைக்கிற பெரிய ஸ்பீக்கர். புதுசு வாங்க வக்கில்லை, அதனால் பழசு. பொன்மலைச் சந்தையில் சாக்கு விரித்து விற்பவர்கள், கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுபவர்கள், இழுத்து மூடிய டூரிங் டாக்கீஸ்கள், ஒன்று விடுவதில்லை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டார்ச் பாட்டரி. ஒயரைத் தொட்டால் காகிதக் கூம்பு டப்பென்று முன்னால் குதிக்க வேண்டும், இரண்டு கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே உரசக் கூடாது. தேறினால்தான் அறைக்கு வரும்.

போன வருஷம் தெப்பக்குளத்துப் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் துப்புக் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் ராகவன் என்று ஒரு ரயில்வே குமாஸ்தா, அவரிடம் பன்னிரண்டு அங்குலச் சீமை ஸ்பீக்கர் இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிட நினைக்கிறாராம். சைக்கிளை மிதித்தேன். மனுஷர் பேரமே பேசவில்லை. நான் பாட்டரியை எடுப்பதற்குள், "அதெல்லாம் நன்னா இருக்கும், எடுத்துண்டு கிளம்புங்கோ. ஆத்துக்காரி பெருமாள் சேவிக்கப் போயிருக்கா, வரதுக்குள்ள" என்றார். பெண்டாட்டிக்குப் பயந்த ஆசாமி என்று நினைத்துக்கொண்டு விசில் அடித்தபடி திருவானைக்காவல் அறைக்கு வந்து சேர்ந்தேன்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சொந்தச் சுருதி ஒன்று உண்டு. அதை அளந்தால்தான் எவ்வளவு பெரிய பெட்டி செய்வது என்று தெரியும். வேண்டிய அதிர்வில் ஓசை எழுப்பும் ஆசிலேட்டரைக் காலேஜ் லேபில் கெஞ்சி வாங்கி மாட்டி, அதிர்வைக் கீழிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மீட்டர் முள் துள்ளும், அதுதான் அதன் சுருதி. ஞாயிறு மத்தியானம் அளந்தேன், நொடிக்கு ஐம்பத்தைந்து அதிர்வு. பின்னால் காந்தத்தில் அச்சடித்திருந்ததும் அதே ஐம்பத்தைந்து. அருமை என்று விட்டுவிட்டேன்.

திங்கள் சாயங்காலம் ஐந்தரைக்குச் சும்மா ஒரு தடவை அளந்தேன். முப்பத்தொன்பது. ஆறு மணிக்கு மறுபடி தேடினேன், ஐம்பத்தைந்து. விளக்குப் போடும் நேரம், வோல்டேஜ் இறங்கி ஆசிலேட்டர் உளறுகிறது என்று நினைத்து வேறொரு ஸ்பீக்கரை மாட்டினேன், அது அசையவில்லை. நம்பினால் நம்புங்கள், ஒரு வாரம் பார்த்தேன், தினமும் ஐந்தரையிலிருந்து ஆறுவரை மட்டும் முப்பத்தொன்பது. கூம்பின் மேல் கனம் ஏறினால்தான் சுருதி இறங்கும். எவ்வளவு கனம்? காலையில் ஒவ்வொரு காசாக வைத்துப் பார்த்தேன். மூன்று ரூபாய்க் காசு வைத்ததும் முப்பத்தொன்பது வந்தது.

கூம்பின் ஓரத்தில் பழுப்பாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. சாயங்கால ஈரத்தை அது குடிக்கிறது, அதுதான் கனம் என்று கண்டுபிடித்தேன், பெரிய விஞ்ஞானி பாருங்கள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, காகிதம் கிழியாமல் அரைமணி நேரம் துடைத்தேன். அன்று ஐந்தரைக்கும் முப்பத்தொன்பது.

எரிச்சலோடு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கதவைத் திறந்தது ராகவனின் மனைவி.

"ஸ்பீக்கர் வாங்கிட்டுப் போனது நான்தான் மாமி. சார் அதுல ஏதாச்சும் ஒட்டி வெச்சிருந்தாரா?"

மாமி கதவைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்டயா இருக்கு? ஆருக்குக் குடுத்தேள்னு கேட்டா வாயே தெறக்கலை இவர்." பிறகு, "ஸ்பீக்கர் வேண்டாம்ப்பா. அதுல ஒரு கறை இருக்குமே, அதை ஒரு தரம் பாத்தாப் போறும்" என்றார்.

எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. "அதைச் சுத்தமாத் துடைச்சுட்டேன் மாமி, புதுசு மாதிரி இருக்கு." பெருமையாக வேறு சொன்னேன்.

"துடைச்சுட்டியா" என்றார். அழவில்லை. உள்ளே போய்விட்டார்.

ராகவன்தான் வாசலுக்கு வந்து சொன்னார். வைதேகி, ஒரே பெண், எட்டு வயது, பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்காகத்தான் ஸ்பீக்கர் முகத்துத் துணியைக் கழற்றினாராம். அவர் நாகஸ்வர ரிகார்டு வைப்பார், அவள் கூம்பின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு தவில் வரும்போது சிரிப்பாளாம். தலைக்கு வைத்த எண்ணெய் கையில் இருக்கும். முந்தின ஐப்பசியில் மூன்று நாள் ஜுரம். போய்விட்டாள்.

"அப்புறம் இவ அந்தக் கறைமேல கையை வெச்சுண்டு உக்காந்தே இருப்பா. சாப்பிடறதில்லே. கண்ணுல படாம இருந்தா சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். "தப்புப் பண்ணிட்டேன்."

நான் பண்ணியதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"எத்தனை மணிக்கு சார் ரிகார்டு வைப்பீங்க?"

"ஆபீஸ் விட்டு வந்ததும். அஞ்சரைக்கு. ஆறு மணிக்குக் குழந்தைக்குப் பால், அதோட நிறுத்திடுவேன்."

மறுநாள் ஸ்பீக்கர், ஆசிலேட்டர், மீட்டர் எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கூடத்தில் வைத்தேன். ராகவன் தூணோரம் நின்றார். ஐந்தரைக்கு முள் துள்ளிய இடம் முப்பத்தொன்பது.

"என்ன காட்டறது?" என்று கேட்டார் மாமி.

"மேல ஒரு கனம் இருக்கு மாமி. மூணு ரூபாக் காசு அளவு."

காசைக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அவ அழுத்தவே மாட்டா" என்றார். "பேப்பர் கிழிஞ்சுடும்னு அப்பா ஜாடையில சொல்லியிருக்காரோல்லியோ."

ராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். மாமி கூம்பைத் தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சரியாக ஆறு மணிக்கு யாரும் சொல்லாமல் எழுந்து பால் காய்ச்சப் போனார். நான் முள்ளைத் தேடினேன். ஐம்பத்தைந்து.

ஸ்பீக்கரை அங்கேயே விட்டுவிட்டேன். மாமி இப்போது ஒரு வேளையாவது சாப்பிடுகிறாராம். மாதம் ஒரு தடவை போய் அளந்து நோட்டில் எழுதுகிறேன், ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை, இதை எந்த வாத்தியாரிடமும் கேட்கவும் இல்லை.

நேற்றும் போனேன். ஐந்தரைக்கு முப்பத்தேழு. ஆறு மணிக்குமேல் காசு வைத்துப் பார்த்தேன். மூன்று போதவில்லை, கூட ஓர் எட்டணா வைக்க வேண்டியிருந்தது. ராகவன் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணிவிட்டு, "இருந்திருந்தா இந்த ஐப்பசிக்குப் பத்து வயசு. கையும் வளரும்தானே" என்றார்.

மணி இப்போது ஐந்து இருபத்தெட்டு.