சிவப்புத் தடிகளுக்கு அங்காலை

எங்கள் ஊர் புளியங்குளத்திலிருந்து கிழக்கே, காட்டுப்பக்கமாகப் போகும் கிரவல் பாதையில் இருந்தது. சனங்கள் மீளக்குடியேறி அதிக காலம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் தகரக் கொட்டகைகளில் நடந்தது. மழை பெய்தால் ரீச்சர் சொல்வது ஒன்றும் கேட்காது. அதனால் எங்களுக்கு மழையென்றால் விருப்பம்.

என்னை வளர்த்தது சின்னம்மா, அம்மாவின் தங்கை. போரின் கடைசி மாதங்களில் அம்மாவும் அப்பாவும் இல்லாமல் போனபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிறகு அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள், முற்றத்தில் என்னைக் கண்டதும் தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர்கள் தொடாமல் விட்டுப்போகும் பிஸ்கட் முழுவதும் எனக்கு வரும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒருநாள் வகுப்பு முடிகிற நேரம் ரீச்சர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா அப்பாவோடை இல்லாமல் சொந்தக்காரரோடை இருக்கிற பிள்ளையளைப் பார்க்க நாளைக்கு ஒரு மிஸ் வாறா. பயப்பிடாதேங்கோ, சும்மா கதைக்கத்தான்."

பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பக்கத்தில் இருந்த சிநேகிதி என் காதுக்குள் சொன்னாள்: "அவனையும் சும்மா கதைக்கத்தான் கூப்பிட்டவை."

அவன் என்று அவள் சொன்னது, பெரியப்பா வீட்டிலிருந்து எங்களோடு படித்த ஒரு பெடியனை. முந்திய தவணையில் ஒரு வெள்ளை வான் வந்து அவனை வவுனியாவில் ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோனது. பெரியப்பாவுக்குக் கடும் சுகவீனம், வேறு வழி இருக்கவில்லை என்பதெல்லாம் எங்கள் கதைகளில் இடம்பெறவில்லை. வெள்ளை வான்களில் ஆட்கள் கடத்தப்பட்டதால், அந்தப் பேரைச் சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்திய காலம் அது. அவர்கள் எதற்காகத் தாழ்த்தினார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அது பிள்ளை பிடிக்கிற வான் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம்.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. ஆனால் அன்று பின்னேரம் சின்னம்மா தகரப்பெட்டியைத் திறந்து, தன்னிடமிருந்த ஒரேயொரு நல்ல சேலையை எடுத்து உதறினார்.

"எங்கை போறீங்கள், சின்னம்மா?"

"நாளைக்கு ஒரு அலுவல் இருக்கு. நீ சாப்பிடு."

காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லிப் பார்த்தேன். இஞ்சி அவித்த தண்ணீரைத் தந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் வான் வந்தது. வெள்ளைதான். தண்ணீர் குடிக்கவென்று ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, அதிபரின் அறை யன்னலால் எட்டிப் பார்த்தேன். உள்ளே கதிரையின் நுனியில், அந்த நல்ல சேலையோடு சின்னம்மா இருந்தார். எதிரில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"இனி என்னாலை தனிய ஏலாது மிஸ்," என்று சொல்லிவிட்டு சின்னம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் கண்டதில்லை.

என்னைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று விளங்கியது. ஓடினேன்.

பள்ளிக்கூடத்தின் பின்வேலிக்கு அங்கால் ஒரு துண்டுக் காடு. போரில் புதைத்த மிதிவெடிகளை எடுப்பவர்கள் அதைச் சுற்றிச் சிவப்புத் தடிகள் நட்டு, மண்டையோட்டுப் படம் கீறிய பலகையும் கட்டியிருந்தார்கள். அந்தத் தடிகளைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்குப் படம் காட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒருவரும் வரமாட்டார்கள் என்பதற்காகவே அங்கே போனேன். கம்பிக்குக் கீழால் நுழைந்து, முந்தினநாள் மழையில் ஊறிய மண்ணில் ஓடி, ஒரு பாலைமரத்தடியில் போய்க் குந்தினேன்.

மூச்சு அடங்கிய பிறகுதான் எனக்குக் கீழே இருந்த மண்ணைப் பற்றிய நினைப்பு வந்தது. கால்களை மெல்ல மெல்ல இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். தொடையில் எறும்பு ஏறியது. தட்டிவிடப் பயமாக இருந்தது.

"ஐயோ, பிள்ளை அங்கை இருக்குது!" என்று ரீச்சர் அலறினார். சிறிது நேரத்தில் பள்ளிக்கூடமே வேலிக்கரையில் நின்றது. "ஆடாதை பிள்ளை! அப்பிடியே இரு!" என்று அதிபர் கத்தினார். மிதிவெடி எடுப்பவர்கள் ஊரின் மறுகரையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட யாரோ சைக்கிளில் பறந்தார்கள்.

அப்போது சின்னம்மா வேலிக்கு வந்தார். வானில் வந்த மிஸ் அவருடைய கையைப் பிடித்து, "பொறுங்கோ, அவை வந்திடுவினம்," என்றார். சின்னம்மா கையை உதறினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பிக்குக் கீழால் நுழைந்தார்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை, நிலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஈரமண்ணில் நான் பதித்துவிட்டு வந்த சின்னக் காலடிகளின் மேல் தன் காலின் முன்பாதியை மட்டும் வைத்து, நின்று, அடுத்ததைத் தேடி, மறுபடி வைத்து வந்தார். புல் மூடிய ஒரு இடத்தில் ஒற்றைக் காலில் நெடுநேரம் நின்றார்.

"என்னைக் குடுக்காதேங்கோ, சின்னம்மா!" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. மிதிவெடியைவிட அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

கடைசியில் வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "கழுத்தைக் கட்டிப்பிடி. கதையாதை." வந்த வழியாலேயே, அதே காலடிகளில், அதே மெதுவில் திரும்பினார். அவருடைய நெஞ்சு அடிப்பது என் விலாவில் இடித்தது. வேலியைத் தாண்டியதும் நிலத்தில் இருந்துவிட்டார். பிந்தி வந்து சேர்ந்த மிதிவெடி எடுப்பவர்களில் ஒருவர் அவரை ஏசத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

அந்த மிஸ் தன் சேலை அழுக்காவதைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தார். "உன்னை ஒருத்தரும் கொண்டுபோக வரேல்லை அம்மா. உன்ரை சின்னம்மாதான் எங்களை வரச்சொன்னவா. நீ இரவிலை திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்பிறியாம், அவாவைக் கிணத்தடிக்குக்கூடப் போக விடுறேல்லையாம். உன்னை எப்பிடித் தேற்றிறது எண்டு கேக்கத்தான் வந்தவா."

வான் என்னை ஏற்றாமலே திரும்பிப் போனது. அதன்பிறகு மாதத்துக்கு ஒருதரம் அந்த மிஸ் வந்தார். என்னையும் சின்னம்மாவையும் ஒன்றாக இருத்தியே கதைத்தார். ரீச்சரும் மாறினார். யாராவது எங்களைப் பார்க்க வருவதென்றால், எதற்காக வருகிறார்கள் என்று எங்களைத் தனியாகக் கூப்பிட்டு முன்கூட்டியே சொல்வார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்பதை விட்டு, "வீட்டிலை உங்களைப் பார்க்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லப் பழகினார்.

ஆனால் அன்று பின்னேரம் இவை ஒன்றும் என் மனதில் இல்லை. கிணற்றடியில் சின்னம்மா என் காலிலிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "நீங்கள் ஏன் ஓடி வரேல்லை? மெல்ல மெல்லத்தானே வந்தனீங்கள்."

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை. "செருப்பில்லையெல்லே. காலிலை முள்ளுக் குத்திப்போடும் எண்டுதான்," என்றார்.

நான் நம்பினேன். ஒரு முள்ளுக்குப் பயந்து என்னை அவ்வளவு நேரம் காக்கவைத்தாரே என்று, அன்றிரவு அவரோடு கோபித்துக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.