ஸ்கூட்டருக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

பேய், பில்லிசூனியம், கண்திருஷ்டி என்று எவனாவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். சூலூரில் மோட்டார் பம்பு, பெட்ரோல் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். காயில் கம்பி கருகினால் மோட்டார் ஓடாது, கருகாவிட்டால் ஓடும், நடுவில் ஆவிக்கெல்லாம் இடமில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நாச்சிமுத்து எனக்குப் பங்காளி, சித்தப்பா மகன், என்னைவிட இளையவன். பீளமேட்டில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அந்த அறுபதுகளில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பேர் எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். எழுதி வைக்கலாம் வாடா என்று அவனைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான், வரிசையில் முன்னால் நின்றதும் நான்தான், அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். வண்டி வந்தது அவனுக்கு. அது எப்படி என்று இன்றுவரை எவனும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. வெளிர்நீல ஸ்கூட்டர், அதன் பின்சீட்டில் அவன் பெண்டாட்டி ராஜாமணி ஒருக்களித்து உட்கார்ந்து என் கடையைத் தாண்டிப் போவாள், நான் கை நிறைய கிரீஸோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, உங்களுக்கென்றால் எரிந்திருக்காதா?

மார்கழி பிறந்ததும் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. அவர்கள் குடியிருந்தது தோட்டத்துக்குள் இருக்கிற சாளை வீட்டில், சுற்றிலும் தண்ணீர் பாய்ந்த வயல், வாசலில் நிற்கிற வண்டி விடிவதற்குள் பனியில் குளித்திருக்கும். அவன் உதைத்து உதைத்துச் சட்டையெல்லாம் நனைந்து கடைசியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். எனக்கு அந்த வருஷம் பொங்கல் மார்கழியிலேயே வந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்தான்.

"அண்ணா, நாளைக்குக் காலீல ஒருக்கா வந்து பாருங்ணா. நாளைக்கும் எடுக்கலீன்னா இந்தச் சனியன் எனக்கு வேண்டாமுங்ணா. நீங்களே வெச்சுக்குங்க, உங்க பேருக்கே எழுதிக் குடுத்துபோடறேன்."

ஆக, கிளம்பினால் அவனுக்கு, கிளம்பாவிட்டால் எனக்கு. அப்புறம் எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

விடிந்தும் விடியாததுமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தொழிலில் நான் கள்ளத்தனம் செய்கிறவனில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து அடுப்பில் காட்டிச் சூடாக்கினேன், கார்புரேட்டரை ஊதினேன், சோக்கை இழுத்தேன், பெட்ரோல் இறங்கட்டும் என்று வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நிமிர்த்தினேன். கை செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. மனசு மட்டும் கிளம்பாதே, கிளம்பாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பொறி வருகிறதா என்று பார்க்க பிளக்கை இன்ஜின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு அவனை உதைக்கச் சொன்னேன். பொறியே இல்லை.

"வரலியேடா."

"என்னுங்ணா, நீலமாப் பளிச்சுப் பளிச்சுன்னு அடிக்குது, வரலீங்கறீங்க!"

குனிந்து மூக்கு ஒட்டுகிற மாதிரி பார்த்தேன், ஒன்றுமில்லை. அவனைப் பிடிக்கச் சொல்லி நான் உதைத்தேன், அப்போதும் இல்லை. ராஜாமணி எட்டிப் பார்த்து, "ஆமாங்க மாமா, நல்லா வருதுங்களே," என்றாள். நம்பினால் நம்புங்கள், பிளக்குப் பொறியைப் பார்த்தே பொழுதைப் போக்கியவன் நான், மூன்று பேர் ஒரே பிளக்கைப் பார்க்கிறோம், என் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. பிளக்கைத் திருப்பி மாட்டினேன். உதைத்தேன், எடுக்கவில்லை. அவன் உதைத்தான், எடுக்கவில்லை.

"போச்சுங்ணா, நீங்களே எடுத்துக்குங்க," என்று கைப்பிடியை விட்டுவிட்டான். மனசுக்குள் நான் அதற்குள் சூலூர் கடைவீதியில் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டேன்.

"ஏனுங்க, ஒரு நிமிசம் இருங்க," என்று ராஜாமணி உள்ளே போய் உப்பும் ஒரு கை வரமிளகாயும் எடுத்து வந்தாள். "ஊருக் கண்ணெல்லாம் இது மேலதானுங்க மாமா. நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க, உங்களுக்கும் சேத்திச் சுத்திப்போடறேன்." வண்டியையும் என்னையும் சேர்த்து மூன்று தரம் சுற்றி, போகிற வருகிற கண்ணெல்லாம் தொலையட்டும் என்று முணுமுணுத்து, வெந்நீர் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டாள். நெடி வராவிட்டால் கண்ணு பட்டிருக்கிறது என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும்.

"பாருங்க மாமா, இத்தன மொளகா போட்டும் துளி நெடி இருக்குதுங்களா?"

எனக்கோ மூக்கு எரிந்து தொண்டை அடைத்து, வேட்டித் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர்கள் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்திலேயே சாதாரணமாக நிற்கிறார்கள்!

"மாமாவுக்குப் பனி ஒத்துக்கலியாட்ட இருக்குதுங்க," என்றாள்.

நாச்சிமுத்து சும்மா ஒரு உதை உதைத்தான். எடுத்துவிட்டது. அதோடு விட்டானா, "அண்ணன் கை வெச்சா எடுக்காம என்ன பண்ணுங்ணா!" என்று என்னையே பின்சீட்டில் ஏற்றிக் கடையில் கொண்டுவந்து இறக்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து வந்த என்னைத் தெருவே பார்த்தது. போயிற்று என் வண்டி.

பின்னால் எனக்கும் ஸ்கூட்டர் வந்தது, நன்றாகத்தான் ஓடியது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றோடு மிளகாய் நெடி எனக்கு உறைப்பது நின்றுபோனது. வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள், நான் அடுப்படியிலேயே காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். அதே நான், அடுப்பே பற்றவைக்காத நேரத்தில் திடீரென்று நெடி ஏறி இருமுவேன். இருமல் அடங்குவதற்குள் நாச்சிமுத்து வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பான். அவன் கிணற்றில் தண்ணீர் வந்தபோது அப்படித்தான். அவன் மகனுக்குக் காலேஜில் இடம் கிடைத்தபோதும் அப்படித்தான். அவன் கார் வாங்கிய அன்று என் பெண்டாட்டி பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அவர் எழுந்து போனார், பின்னாலேயே வாசலில் புதுக் கார் வந்து நின்றது.

போன வருஷம் நாச்சிமுத்து இறந்துபோனான். அழுதேன், நிஜமாகவே அழுதேன், ஒன்றாக வளர்ந்தவன். இனிமேல் நெடி வராது என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, மறைப்பானேன்?

நேற்றுச் சாயங்காலம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன், வீட்டில் யாரும் இல்லை, அடுப்பில் ஒன்றும் இல்லை. குப்பென்று ஏறியது. கார் வாங்கிய அன்றுகூட அப்படி ஏறியதில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை, இருட்டுகிற வரைக்கும் இருமினேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அங்கே போய் அவனுக்கு அப்படி என்ன கிடைத்துவிட்டது?